புலமையும் விதியும்: திருப்பதி சாப்தபோத முயற்சியும் தமிழிலக்கண ஆய்வும்

வல்லுநர் ஒருவரின் அறிவைக் கேட்டறிந்து, விதிகளாக வகுத்துக் கணினியில் அமைத்து, அவர் இல்லாத இடத்திலும் அவர் கூறக்கூடிய முடிவைப் பெற முயலும் அமைப்பு ‘வல்லுநர் முறைமை’ எனப்படும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கப்பட்ட டெண்ட்ரல் வேதியியல் வல்லுநரின் அறிவையும், 1970களில் உருவான மைசின் தொற்றுநோய் மருத்துவரின் அறிவையும் இவ்வாறு தொகுத்தன. வல்லுநரிடமிருந்து அறிவைப் பெறுவதே இத்துறையின் இடுக்கு வாயில் என்பதை எட்வர்டு ஃபைகன்பாம் எடுத்துக்காட்டினார். மருத்துவர் நோயை அறிவார். எவ்வாறு அறிந்தார் என வினவின் அவரால் முழுமையாக விடை கூற இயலாது. இலக்கணத் துறையில் இத்தகைய தொகுப்பு முயற்சியொன்று திருப்பதியின் பங்களிப்போடு நிகழ்ந்தது. அதன் வரலாற்றையும், தமிழிலக்கண ஆய்வு அதனிடம் பெறத்தக்கதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சார்ந்த ரிக் பிரிக்ஸ், வடமொழியில் அறிவை வெளிப்படுத்தும் முறை குறித்து 1985இல் ‘ஏஐ மேகசின்’ இதழில் எழுதினார். ஒரு தொடரின் பொருளைச் சாத்திர நூலோர் விரித்துரைக்கும் முறைக்கும், செயற்கை நுண்ணறிவாளர் வரையும் பொருண்மை வலைக்கும் உள்ள ஒப்புமையே அக்கட்டுரையின் பொருள். கணினிக்கு மிகப் பொருத்தமான மொழி வடமொழியே என நாசா அறிவித்துவிட்டதாக மேடைதோறும் ஒலிக்கும் கூற்று அக்கட்டுரையைப் படியாதோரால் பரவியது எனலாம். 1986 டிசம்பரில் பெங்களூரில் இப்பொருள் பற்றிய தேசிய மாநாடு கூடியது. அவ்வாண்டிலேயே மைய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அறிவுசார் கணினி முறைமைத் திட்டத்தைத் தொடங்கியது. வல்லுநர் முறைமைகளுக்குரிய மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது.

வேங்கடத்து வித்யாபீடம்

தமிழ் மரபு வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தின் அடிவாரத்திலுள்ள திருப்பதி, வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் 2022 வரை அடங்கியிருந்தது. இங்கு 1961இல் தோன்றி 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இராஷ்ட்ரிய சமஸ்கிருத வித்யாபீடம், 2020இல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமாயிற்று. வியாகரணம், நியாயம், மீமாம்சை ஆகியவற்றைப் பாடங்கேட்டுத் தேர்ந்த புலவர்கள் ஒருங்கே பணியாற்றும் இடமாக அது விளங்கியமை இவ்வரலாற்றில் முதன்மையானது.

சாப்தபோதம் என்பது தொடரைக் கேட்போன் உள்ளத்தில் தோன்றும் பொருளுணர்வு. அதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை ஆகியன வேண்டும் என்பர். ‘நெருப்பால் நனைத்தான்’ என்னும் தொடரில் அவாய்நிலையும் அண்மையும் உள, தகுதி இல்லை. நெருப்பு நனைக்காது என்பதை மனிதர்க்கு எவரும் கற்பிப்பதில்லை. கணினிக்கோ இதனையும் கூறியாக வேண்டும். எனவே இலக்கண நூல் எழுதாது விட்ட உலகியல் அறிவும் தொகுப்பினுள் வந்து சேர்கிறது.

வல்லுநர் மூவர் மூன்று விடை கூறின் எதனை ஏற்பது என்பது அடுத்த சிக்கல். ‘சாத்தன் சோறு சமைக்கிறான்’ என்னும் தொடரில் தலைமைப்பொருள் எது? சமைத்தலாகிய தொழிலே என்பர் வையாகரணர். சமைக்கும் முயற்சியையுடைய சாத்தனே என்பர் நையாயிகர். விகுதி உணர்த்தும் ஆக்கமாகிய பாவனையே என்பர் மீமாம்சகர். பன்னூற்றாண்டு நடந்த இவ்வழக்கு தீர்ந்தபாடில்லை. வினையை வேராகவும் ஏனைய சொற்களை அதன் கிளைகளாகவும் கொள்ளும் சார்புத் தொடரமைப்பு, வையாகரணர் கொள்கையோடு இயைந்தது. அதுவே கணினியுள் புகுந்தது. பொறியியல் எளிமை இங்கே ஒரு தத்துவ வழக்கில் சார்பு நிலை எடுத்ததை மறுக்கவியலாது.

தொகுப்பின் வளர்ச்சி

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘அக்ஷர பாரதி’ என்னும் கூட்டுப்பெயரில் இயங்கிய வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் குழுவினர், சொல் வரிசை நெகிழ்வான இந்திய மொழிகளைப் பகுக்கப் பாணினியின் காரகக் கோட்பாட்டைக் கையாண்டனர். 1995இல் வெளிவந்த அவர்தம் நூலில் திருப்பதி வித்யாபீடத்தின் கே.வி. இராமகிருஷ்ணமாசார்யுலுவின் பங்களிப்பும் இடம்பெற்றது. ஒவ்வொரு வினையும் எந்தெந்தக் காரகங்களை அவாவும், அவை எவ்வுருபு ஏற்கும் என்பதைக் கூறும் பட்டியல் இம்முறையின் அடிப்படை. பட்டியலை நிரப்புவது புலமையுடையாரின் தீர்ப்பே. பின்னர் வித்யாபீடத்தில் சாப்தபோத முறைகளும் மொழித் தொழில்நுட்பமும் இணைந்த முதுகலைப் படிப்பும் நடத்தப்பெற்றது. சாத்திரம் பயின்றோரே அறிவுப் பொறியாளராகவும் ஆகும் வழி இதனால் திறந்தது.

2009 ஜனவரியில் ஐதராபாத்தில் நிகழ்ந்த மூன்றாம் பன்னாட்டுச் சமஸ்கிருதக் கணினிமொழியியல் கருத்தரங்கில், சாப்தபோத முறைகளின் அடிப்படையில் வடமொழிப் பனுவல்களுக்குக் குறிப்பீடு செய்யும் முறையை இராமகிருஷ்ணமாசார்யுலு முன்வைத்தார். சாத்திர நூல்களில் சிதறிக் கிடந்த உறவுகளைத் தொடருக்குள் அமைவன, தொடர்களுக்கிடையே அமைவன என வகுத்துத் தொகுத்த பணி அது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பா குல்கர்னியும் பிறரும் பகுப்பி உருவாக்கியபோது, இவ்வுறவுகளுள் பல மிகு நுண்மையுடையன எனக் கண்டு குறுகிய பட்டியலொன்றைத் தேர்ந்தனர். செய்வோன் காரகத்தின் உட்பிரிவுகளை உருபு காட்டுவதில்லை. பொருளறிந்த புலவர் காண்பார், கணினி காணாது. இக்குறைப்பு பகுப்பிக்கு ஊதியம். எனினும் பட்டியலில் இடம்பெறாத நுண்வேறுபாடுகளே சாத்திரப் பயிற்சியின் பெரும்பயன் என்பதும் கருதத்தக்கது.

தமிழ் நிலை

காரகக் கோட்பாடு தமிழுக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அதனைத் தமிழில் பேசியது. 17ஆம் நூற்றாண்டில் சுப்பிரமணிய தீட்சிதர் இயற்றிய பிரயோகவிவேகம் காரகத்திற்கெனத் தனிப்படலமே வகுத்தது. அவற்றை வடமொழிச் சார்பு நூல்கள் என ஒதுக்குவாரும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வினை நிகழ்ச்சிக்குரிய முதனிலைகள் எட்டு எனக் கூறுவதை ஒதுக்க இயலாது. ‘கத்தியால் வெட்டினான்’, ‘சாத்தனால் வெட்டப்பட்டது’, ‘பசியால் வாடினான்’ ஆகிய மூன்றிலும் ‘ஆல்’ உருபு ஒன்றே. கருவி, வினைமுதல், காரணம் எனப் பொருள் மூன்று. இதனைப் பிரித்தறியும் புலமை வேற்றுமை மயங்கியல் உரைகளில் நிறைந்து கிடக்கிறது.

ஆயின் நடந்தது வேறு. 2010களின் தொடக்கத்தில் பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி உருவாக்கிய தமிழ்ச் சார்புமர வங்கி, செய்தித்தாள் நடையிலமைந்த 600 தொடர்களைக் கொண்டது. செக் மொழிக்கென வகுத்த பிராகு குறிப்பீட்டு முறையைத் தழுவியது அது. முன்னோடியாகிய அப்பணியைக் குறைகூறல் தகாது; தமிழ்த் துறைகள் தம் பங்கைச் செய்யாத நிலையில் கையிலிருந்த கருவியை அவர் பயன்படுத்தினார். தொல்காப்பிய முதனிலைகள் எட்டும் அவ்வங்கியின் குறிப்பீடுகளுக்கு அடிப்படையாகவில்லை.

பெருந்தரவிலிருந்து தாமே கற்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு விதித்தொகுப்பு வேண்டுவதில்லை என்பார் உளர். அம்மாதிரி தரும் பகுப்பு சரியா என மதிப்பிடவேனும் புலவர் தீர்ப்பிட்ட தொடர்கள் வேண்டும். பாடங்கேட்டு உரை பயின்ற தலைமுறை அருகி வருகையில் அத்தீர்ப்பினைப் பதிந்துகொள்ளும் காலமும் குறைகிறது. சொல்லதிகாரத்திற்கோ இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடனார் என உரைகாரர் பலர். அவர்கள் வேறுபடும் இடங்களில் திருப்பதி முயற்சியைப் போல ஒரு கொள்கையைத் தேர்ந்து ஏனையவற்றை விடுவதா, ஒரே தொடருக்குப் பல பகுப்புகளையும் உரைகாரர் பெயரோடு பதிவதா என்பதைத் தமிழறிஞர்களே முதலில் முடிவு செய்தல் வேண்டும்.