புவெப்லோ மட்பாண்டக் கலை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் வாழும் புவெப்லோ பழங்குடியினரிடம் மண்கலம் வனைதல் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாகத் தொடரும் கைத்தொழில். பெரும்பாலும் பெண்களே வனைவார்கள். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வாள். குயவர் சக்கரம் இவர்களிடம் கிடையாது. களிமண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பி, சுரைக்குடுக்கை ஓட்டால் வழித்துச் சமன்செய்து, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பாட்டி கையாண்ட கல்லைப் பேத்தி பொன்போலக் காப்பாள். மென்று நாராக்கிய யக்கா இலையே தூரிகை. விறகும் காய்ந்த சாணமும் அடுக்கித் திறந்தவெளியில் சுடுவதால் நிலையான சூளையும் தேவைப்படுவதில்லை.

மண் எடுக்கும் முன் மண்தாயை வேண்டி மக்காச்சோள மாவு தூவுவது வழக்கம். கலம் வெடிக்காமலிருக்க மணலோ எரிமலைச் சாம்பலோ கலப்பதுண்டு. அக்கோமா ஊரில் பழைய பானை ஓடுகளையே இடித்துச் சேர்ப்பார்கள். முன்னோர் வனைந்த மண் இவ்வாறு புதுக்கலத்தின் உடம்பிலேயே கலந்துவிடுகிறது. இந்தக் கலையின் உயிர்நிலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். மழை அரிதான நிலம் என்பதால் மேகம், மின்னல், இறகு, ‘அவன்யு’ எனும் நீர்ப்பாம்பு ஆகியவை ஓவியங்களில் ஓயாமல் வரும். சாண்டா கிளாரா ஊர்க் கலங்களில் பதியும் கரடிப் பாதம், வறட்சியில் மக்களுக்கு நீர்நிலை காட்டியதாக நம்பப்படும் கரடியை நினைவுகூர்வது.

1880களில் ரயில் பாதை வந்தது. கூடவே வந்த உலோகப் பாத்திரங்கள் பானைகளை ஒதுக்கின. சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு பொம்மைகள் பெருகின. சரிந்த கலையை மீட்டவை பழைய ஓடுகளே. ஹோப்பி நிலத்து ஹானோ ஊரில் மண்கலம் வனைந்த நம்பேயோ, அருகில் பாழடைந்து கிடந்த சிகியாட்கியின் ஓடுகளிலிருந்து கோலங்களைக் கற்றார். 1895இல் அங்கு ஜெஸ்ஸி வால்டர் ஃபூக்ஸ் நடத்திய அகழாய்வே அவருக்கு வழிகாட்டியது என்று முன்பு எழுதினார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் பழைய வடிவங்களைச் செய்துவந்தார். பெருமை அவருக்கே உரியது. பார்வை மங்கிய பின்னும் விரல்களால் தடவியே வனைந்தார். மகள்கள் ஓவியம் தீட்டினர். 1942இல் மறைந்தார்.

சான் இல்டிஃபான்சோ ஊரில் மரியா மார்ட்டினெஸ் தம்பதியரின் முயற்சியும் ஓட்டிலிருந்தே தொடங்கியது. தொல்லியலாளர் எட்கர் லீ ஹூவெட்டின் அகழாய்வில் கிடைத்த ஓடுகளைப் போன்ற கலங்களைச் செய்துதரும்படி மரியாவைக் கேட்டார்கள். அவர் வனைய, கணவர் ஜூலியன் தீட்டினார். கலத்தைச் சுடும்போது எரியும் நெருப்பைச் சாணப்பொடியால் மூடினால் காற்று புகாது. புகைக்கரி மண்ணில் ஊறிக் கலம் முழுதும் கறுக்கும். மெருகிட்ட கலத்தின்மேல் களிமண் குழம்பால் தீட்டிய இடம் மட்டும் மங்கியிருக்கும். 1920ஐ ஒட்டி உருவான இந்தக் கறுப்புமேல் கறுப்பு முறையை மரியா தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் ஊராருக்கும் கற்பித்தார். ஊரின் வறுமை தணிந்தது. 1943இல் ஜூலியன் இறந்தபின் மருமகள் சான்டானாவும், அடுத்து மகன் போப்போவி டாவும் தூரிகையை ஏற்றனர். மரியா 1980 வரை வாழ்ந்தார்.

கோச்சிட்டி ஊரின் ஹெலன் கார்டெரோ, கதைசொல்லியான தம் தாத்தாவை 1964இல் மண்ணில் வடித்தார். வாய் திறந்த முதியவர்மேல் குழந்தைகள் தொற்றியிருக்கும் அந்த உருவத்தை இன்று பிற புவெப்லோ ஊர்களிலும் செய்கிறார்கள்.