கூட்டுறவும் கணக்கறிவும்

வட்டிக்காரர் பிடியிலிருந்து உழவரை மீட்கும் பொருட்டு 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. கடன் அல்லாத பிற துறைகளிலும் சங்கம் அமைக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிட மக்களுக்குக் குடியிருப்பு மனை பெற்றுத் தந்தபோது, நிலத்தின் விலையை அவர்கள் தவணையில் செலுத்துதற்குக் கூட்டுறவுச் சங்கங்களையே கருவியாகக் கொண்டது.

மனை கிட்டியது, உறுப்பினர் உரிமையும் கிட்டியது. ஆயினும் பள்ளிக்கதவு அடைக்கப்பட்டிருந்த மக்களுக்குப் பேரேடு புரியாத பொருளாகவே இருந்தது. பிறர் எழுதும் கணக்கில் கைரேகை மட்டும் வைப்பவர், பெயரளவில் சங்கத்தின் உடைமையாளர். உண்மையில் பழைய கடனாளியே.

திறனும் கூட்டுறவும் இணைந்து வளர்ந்த வரலாறும் நம் நாட்டில் உண்டு. அன்றைய பம்பாய் மாகாணத்துக் கயிரா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-இல் ஒன்றியம் கண்டனர். பொறியியல் கற்ற வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்கு வந்தார். எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு வல்லுநர் கருதியிருக்க, பால் நுட்ப அறிஞர் தலாயாவின் முயற்சியால் 1955-இல் அது கைகூடியது.

இத்தகைய சங்கங்களுக்கு மூவகைப் பயிற்சி வேண்டும். உறுப்பினர் கறவைமாட்டைப் பேணவும் தம் கணக்கைப் படிக்கவும் அறிதல் வேண்டும். ஊர்ச் சங்கச் செயலாளர் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அன்றன்றே பதிதல் வேண்டும். இதில் பிழை நேரின் ஒற்றை எருமை வளர்க்கும் ஏழைப் பெண்ணே இழப்பாள். மேலாளர் எந்திரமும் சந்தையும் அறிதல் வேண்டும். ஊரக நிறுவனங்களுக்கு மேலாளரை உருவாக்கும் கழகம் ஆனந்தில் 1979-இல்தான் அமைந்தது. ஒன்றியம் தோன்றி 33 ஆண்டுகள் கழிந்த பின்னரும் பயிற்சியின் தேவை தீரவில்லை என்பதை இது உணர்த்தும்.

அண்ணல் அம்பேத்கர் 1947-இல் வெளியிட்ட 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் நூலில் கூட்டுப் பண்ணைமுறையை முன்வைத்தார். அத்தகைய பண்ணை நாளை நம் கைக்கு வரின், விதைக்கணக்கும் விளைச்சற்கணக்கும் எழுத வல்லார் நம்முள் எத்தனை பேர்?

இளைஞர்களே! பட்டம் பெறுங்கள், அதனோடு பேரேடு எழுதவும், தணிக்கை செய்யவும், எந்திரம் பழுதுபார்க்கவும் பயிலுங்கள். சங்கத்தின் சாவி கணக்கறிந்தவர் கையிலேயே தங்கும். அக்கை நம் கையாகுக.