மனித வியாபாரமும் அரசாங்கச் சட்டங்களும்

மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதும் விற்பதும் கொடுமையென்று இக்காலத்தில் எவரிடத்தும் வாதாட வேண்டுவதில்லை. ஆனால், அக்கொடுமை குற்றமென்று சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு எத்தனை காலம் சென்றது, ஏறிய பின்னரும் அவ்வியாபாரம் எவ்வாறு வேறு பெயர் பூண்டு பிழைத்து வந்தது என்பவற்றை நம் மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும். இச்சரித்திரத்தின் ஒரு பெரும் பகுதி நம் பாட்டன் பூட்டன்மாரின் சரித்திரமன்றோ?

முதற் சட்டங்கள்

ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்ற வியாபாரத்தை நிறுத்தும் கட்டளையை டென்மார்க்கு அரசாங்கம் 1792ஆம் ஆண்டில் பிறப்பித்தது. அது நடைமுறைக்கு வந்தது 1803இல். பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் அடிமை வியாபாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. பிடிபட்ட கப்பலில் காணப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் 100 பவுன் அபராதம் என்பது அச்சட்டத்தின் விதி. அபராதத்தையும் ஒரு செலவாகக் கணக்கிட்டுக்கொண்டு வியாபாரிகள் தொழிலைத் தொடர்ந்தனர். ஆதலின், 1811இல் அவ்வியாபாரம் நாடு கடத்தும் தண்டனைக்குரிய பெருங்குற்றமாக்கப்பட்டது. பணத்தை மட்டும் தொடும் தண்டனை பணக்காரனைத் திருத்தாது என்னும் பாடத்தைச் சட்டஞ் செய்வோர் அன்றே கற்றனர்.

எனினும், 1807ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரத்தைத் தடுத்ததேயன்றி அடிமைத்தனத்தைத் தடுக்கவில்லை. அதற்காக 1833ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டத்தினால் ஏறக்குறைய எட்டு இலட்சம் மக்கள் விடுதலை பெற்றனர். நட்ட ஈடாக இரண்டு கோடி பவுனும் வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகளுக்கு! தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அதற்கு மேலும் 1838 வரையில் பழைய எசமானனிடமே 'பழகுநர்' என்ற பெயரில் அவன் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாடுகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. இந்தியாவிற்கெனத் தனியே 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவனை அடிமையென்று கூறும் உரிமையை நியாயஸ்தலங்கள் ஏற்கமாட்டா என்று அது கூறிற்று. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தினால்தான். இவ்விரு சட்டங்களும் தஞ்சைத் தரணியின் பண்ணையாளைத் தொடவில்லை. அவனை எவரும் அடிமையென்று எழுதி வைக்கவில்லை. கடன்பட்டவன் என்றே எழுதி வைத்தனர். சாதிக்கட்டு ஒரு புறமும் கடன்கட்டு மறு புறமுமாக அவன் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தான்.

சங்கிலி போய்ச் சீட்டு வந்தது

கரும்புத் தோட்டத்து முதலாளிகளுக்கு அடிமைகள் போயினர். ஆள் தேவையோ போகவில்லை. 1834இல் மொரீஷியஸ் தீவிற்கும், 1838இல் பிரிட்டிஷ் கயானாவிற்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். ஏமாற்றி ஆள் பிடிக்கும் செய்திகள் பரவவே, இந்திய அரசாங்கம் 1839இல் இதற்குத் தடை விதித்தது. முதலாளிகளின் கூக்குரல் ஓங்கிற்று. 1842இல் மொரீஷியஸ் மட்டில் தடை தளர்ந்தது. குடியேறுவோருக்குப் பாதுகாவலர் என்னும் உத்தியோகஸ்தரும், மனமுவந்து செல்கிறேன் என்று அவர் முன்னிலையில் கூலி சொல்ல வேண்டும் என்னும் விதியும் ஏற்பட்டன. எழுத்தறியாதவன் தான் செல்லும் நாடு எங்கிருக்கிறதென்றே அறியாது கொடுத்த சம்மதம், சம்மதமென்று சட்டத்தில் பதிவாயிற்று.

மலாயாவின் வரலாறும் இதுவே. வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் 'சஞ்சிக் கூலி' எனப்பட்டனர். கப்பற் கூலியும் முன்பணமும் அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தை விட்டு ஓடியவனுக்குச் சிறைத் தண்டனை! ஒப்பந்தத்தை மீறினால் வழக்காடிப் பணம் பெறுவதே உலக வழக்கம். கூலிக்கு மட்டும் அது கிரிமினல் குற்றமாக்கப்பட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. பேராக்கு நாட்டில் மலாய்ப் பிரபுக்கள் கடன்பட்டவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் வீட்டடிமைகளாக வைத்திருந்தனர். அவ்வாறு இருந்த பெண்கள் தப்பி ஓடியபோது ரெசிடெண்டு பர்ச்சு அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தார். 1875ஆம் ஆண்டு நவம்பரில் பாசிர் சாலாக்கில் அவர் கொலையுண்டதற்கு அதுவும் ஒரு காரணமென்று சரித்திரம் கூறும். ஹியூ லோ ரெசிடெண்டாயிருந்த காலத்தில், 1883ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வழக்கம் பேராக்கில் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஆங்கிலத் தோட்டங்களில் நம்மவர் கடனுக்காகக் கட்டுண்டு கிடந்தனர். அரண்மனையில் அடிமைத்தனமாகத் தோன்றியது, தோட்டத்தில் ஒப்பந்தமாகத் தோன்றியது போலும்!

1910இல் மலாயாவில் ஒப்பந்த முறை முடிவுற்றது. 1917இல் இந்திய அரசாங்கம் ஒப்பந்தக் கூலிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆயினும் கங்காணி முறை தொடர்ந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசும் தொடர்ந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் அதற்குச் சில வரம்புகள் இட்டது. 1938இல் உதவி பெற்று வரும் கூலிகளின் வருகையை இந்திய அரசாங்கம் அடியோடு தடுத்தது.

தேசங்கள் கூடிச் செய்த சட்டங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தேசத்தார் கூடி உடன்படிக்கைகள் செய்யலாயினர். 1904, 1910 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் ஏற்பட்டவை விபசாரத்திற்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுக்க எழுந்தவை. 'வெள்ளை அடிமை வியாபாரம்' என்பது அவை அதற்கு இட்ட பெயர். நிறத்தைச் சுட்டிய அப்பெயரை நீக்கி, பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாகக் கூறியது 1921ஆம் ஆண்டு ஜினீவா உடன்படிக்கை. அடிமைத்தனத்தைப் பற்றி 1926இலும், கட்டாய வேலையைப் பற்றி 1930இலும், விபசாரத்தின் பொருட்டு ஆட்களைக் கடத்துவது பற்றி 1949இலும் வேறு உடன்படிக்கைகள் எழுந்தன. கடனடிமை என்பதைப் பெயர் சொல்லி, இதுவும் ஒழிக்கத் தக்கது என்று தேசங்கள் எழுதி வைத்ததோ 1956ஆம் ஆண்டில்தான். 1807க்கும் 1956க்கும் இடையே 149 ஆண்டுகள்!

2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பலெர்மோ உடன்படிக்கை, ஆட்கடத்தல் இன்னதென்று முதன்முறையாக விரிவாக வரையறுத்தது. ஆளைச் சேர்த்தல், கொண்டு செல்லுதல், மறைத்து வைத்தல் முதலிய செயல் ஒன்று; அச்சுறுத்தல், வஞ்சனை முதலிய வழி இரண்டு; சுரண்டல் என்னும் நோக்கம் மூன்று. வஞ்சித்துப் பெற்ற சம்மதம் செல்லாதென்றும், குழந்தையின் விஷயத்தில் வழியைக் குறித்துக் கேள்வியே இல்லையென்றும் அது கூறிற்று. பாதுகாவலர் முன்னிலையில் தலையசைத்த நம் பாட்டனுக்கு இவ்விதி ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக வந்தது. மலேசியா 2007இலும், சிங்கப்பூர் 2014இலும் ஆட்கடத்தலைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் இயற்றின. பெருங் கம்பெனிகள் தங்கள் தொழிலில் அடிமை வேலை கலவாதிருக்கச் செய்வது யாதென்று ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டுமென 2015ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் விதித்தது.

சட்டமிருந்தும் நடந்தது என்ன? 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் காட்டில், ஆட்கடத்துவோரின் முகாம்களும் 139 புதைகுழிகளும் காணப்பட்டன. சட்டம் இயற்றி எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அகதிகளான ரோகிங்கியரும் வங்காளதேசத்து ஏழைகளும் பணத்திற்காக அம்முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 2 கோடியே 76 இலட்சம் மக்கள் கட்டாய வேலையில் இருந்தனரென்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் மதிப்பு.

கடனைத் தீர்க்கும் சட்டமே சட்டம்

இத்தனை சட்டங்களையும் ஒரு சேர நோக்கின் ஓர் உண்மை விளங்கும். சட்டம் சங்கிலியைத் தேடியபோது வியாபாரி ஒப்பந்தத்தைக் காட்டினான். ஒப்பந்தத்தைத் தடுத்தபோது முன்பணத்தைக் காட்டினான். ஒவ்வொரு முறையும் அடியில் இருந்தது கடனே. ஆதலின், கொத்தடிமை ஒழிப்புக்காக இந்தியா 1976இல் இயற்றிய சட்டத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அது கொத்தடிமையை விடுவித்ததோடு நில்லாது, அவன் பேரிலிருந்த கடனையே செல்லாதாக்கிற்று. 1833இல் ஆண்டானுக்கு ஈடு கொடுத்த சட்டம் எங்கே, 1976இல் ஆண்டானின் கடன் சீட்டைக் கிழித்த சட்டம் எங்கே! ஆள் சேர்க்கும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்னும் 1997ஆம் ஆண்டுச் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையும் இவ்வழியைப் பின்பற்றியதே.

தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தை நாள்தோறும் புரட்டும் நம் போன்றவர்க்கு, ஒரு மனிதனைக் கட்டிப்போட இரும்பு வேண்டுவதில்லை, ஒரு பற்று வரியே போதும் என்பது தெரியாததன்று. நம்மவர் இருந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய கடனோடு வந்தவர்கள் அவர்களுட் பலர். பிறருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களுட் பலர் அறியார். அறிந்த நாம் அதை எடுத்துச் சொல்லலாமன்றோ?

அவர்களை 'அந்நியன்' என்று இகழும் நம்மவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டன்மாரையும் அன்று இவ்வாறே அழைத்தனர். அவர்களுக்காகப் பேச ஆளில்லாத குறையினாலேயே அவர்களுடைய சங்கிலி அத்தனை காலம் ஒப்பந்தமென்ற பெயரில் உலவிற்று. சட்டம் சர்க்காரால் எழுதப்படுவது. அது நடப்பதும் நடவாததும், கண்டதைக் கண்டவாறு சொல்லும் அயலானைப் பொறுத்தது.