உள்ளபடி வரைந்தவர்

நடிகரின் படத்தை வாங்குகிறவன் தன் ஆசையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறான். அதில் நடிகரின் சுருக்கத்தையும் தொங்குதசையையும் காட்டினால் யாருக்குப் பிடிக்கும்?

இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரத்தில், 18-ஆம் நூற்றாண்டில் கபுகி நடிகர்களின் படங்களுக்கு ஏகக் கிராக்கி. புது நாடகம் வந்தால் கடைகளில் புதுப் படங்களும் வந்துவிடும். ஒருவர் வரைவார், ஒருவர் அதைச் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார், இன்னொருவர் நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்துக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார். முதல் போடுகிறவர் பதிப்பாளர்.

அப்படி ஒரு பதிப்பாளர் த்ஸுதாயா ஜூஸபுரோ. தணிக்கை விதிகளை மீறிய புத்தகங்களை வெளியிட்டதற்காக 1791-ல் தண்டனை பெற்றவர். சூடு கண்ட மனிதர் அடங்கியிருக்க வேண்டாமோ? 1794-ல், யாரும் கேள்விப்பட்டிராத ஷராக்கு என்பவரின் 28 படங்களை ஒரே மூச்சில் வெளியிட்டார். எல்லாம் மார்பளவு உருவங்கள். பின்னணியில் அப்பிரகப் பொடி கலந்த கரிய மினுமினுப்பு. புதியவருக்கு நடந்த ராஜ உபசாரம் அது!

ஒதானி ஒனிஜி என்ற நடிகரின் படத்தைப் பாருங்கள். அவர் ஏற்றது ஓர் அடியாளின் வேஷம். முன்னே நீண்ட முகம், இறுகிய வாய், அங்கியிலிருந்து விரைத்து நீளும் பத்து விரல்கள். ஆனால் அந்தக் கைகள் உடம்புக்குப் பொருந்தாமல் மிகச் சிறியவை. பொருந்தாமையே பயத்தை உண்டாக்குகிறது.

இதையாவது ரசிகர்கள் பொறுத்திருப்பார்கள். ஸ்திரீ வேஷக்காரர்கள் விஷயம் வேறு. 1629-ல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின், ஆண்களே பெண்களாக நடித்தார்கள். மற்றச் சித்திரக்காரர்கள் அவர்களை அழகிகளாகவே வரைந்தார்கள். ஷராக்குவோ கொண்டைக்கும் பட்டுக்கும் நடுவே ஆணின் தாடையையும், ஏறிய வயதையும் விட்டுவைத்தார். வேஷமும் வேஷக்காரரும் ஒரே முகத்தில் தெரிந்தார்கள்.

அதே ஆண்டில் தொயோகுனி என்பவர் நடிகர்களை எடுப்பாக வரைந்து புகழ் பெற்றார். ஷராக்குவின் பின்வந்த படங்களில் உருவம் முழுதாயிற்று, முகம் சிறுத்தது, பழைய துணிச்சலும் குறைந்தது. பத்து மாதத்தில் 140-க்கு மேற்பட்ட படங்கள். 1795-ன் தொடக்கத்தோடு ஆளையே காணோம்! உள்ளதை உள்ளபடி வரையப் போய், வேண்டாததையும் வரைந்ததால் அவர் நிலைக்கவில்லை என்ற கருத்தில் அக்காலத்து எழுத்தாளர் ஓதா நன்போ குறித்து வைத்தார்.

அவர் அவா பிரபுவிடம் ஊழியம் பார்த்த நோ நாடக நடிகர் சைத்தோ ஜூரோபே என்று 1844-ல் ஒரு குறிப்பு எழுந்தது. பலரும் இன்று அதை ஏற்கிறார்கள். அது உண்மையானால், நடிகரின் முகத்தில் ஒளிந்திருந்ததைக் கண்டவரும் ஒரு நடிகரே.

1910-ல் யூலியுஸ் குர்த் என்ற ஜெர்மானியர் ஷராக்குவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன்பின் உலகம் அவரைத் தேடியது. ரசிகர்கள் விரும்பிய அழகு முகங்கள் பல இன்று ஒன்றுபோலத் தோன்றுகின்றன. யாரும் விரும்பாத அந்த முகங்களில்தான், 1794-ல் மேடையில் நின்ற மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.