சந்து குலத்தார்

‘சந்து’ என்றால் நமக்குத் தெரு இடுக்கு நினைவுக்கு வரும். ஐந்தாற்று நாடாகிய பஞ்சாபிலோ அது ஒரு பெருங்குலத்தின் பெயர். அப்பெயரைச் செய்தித்தாளில் காணும் நம்மவர், தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவரையே மனத்தில் கொள்வர். லாகூரிலும் கசூரிலும் சியால்கோட்டிலும் அதே பெயரைத் தம் பெயரோடு சேர்த்து எழுதும் முஸ்லிம்கள் பல்லாயிரவர் உளர் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

சந்து, ஜாட் இனத்துக் குலங்களுள் ஒன்று. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எழுதிய டென்சில் இப்பெட்சன், பஞ்சாபின் ஜாட் குலங்களில் சித்து குலத்துக்கு அடுத்துப் பெரியது இதுவே என்றார். அமிர்தசரஸ், லாகூர் மாவட்டங்கள் அதன் தலைமையிடம். கிழக்கே அம்பாலா முதல் மேற்கே சியால்கோட், குஜ்ரான்வாலா வரை மலையடிவாரம் நெடுகிலும், சட்லஜ் ஆற்றின் மேல்போக்குப் பகுதிகளிலும் அவர்கள் பரவியிருந்தனர்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ஊருக்கு ஒரு விடை கிடைத்தது. அயோத்தி இராமரின் சூரிய வமிசம் என்றனர் சிலர். கஜ்னி மஹ்மூது தம் முன்னோரைக் கொண்டு சென்றதாகவும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாம் திரும்பி வந்ததாகவும் கூறினர் வேறு சிலர். அந்தக் கஜ்னி ஆப்கானிஸ்தானத்தில் இல்லை, தக்காணத்தில் உள்ளது என்று வாதிட்டோரும் உண்டு! ஜலந்தர்ச் சந்துக்களோ தாங்கள் தெற்கிலிருந்து மாஜா நாட்டுக்கு வந்ததாக மட்டும் கூறினர். உழவனுக்கு அரச வமிசம் வேண்டியிருப்பது எந்நாட்டுக்கும் பொதுவான ஆசை. எனினும் ‘தெற்கிலிருந்து’ என்ற அந்த எளிய விடை வரலாற்றுக்குச் சற்று நெருங்கி நிற்கிறது.

ஜாட் மக்களை அரபு நூல்கள் ‘ஸுத்’ என அழைக்கின்றன. மூஸா (அலை) அவர்களின் தோற்றத்தைக் கூறும் நபிமொழி ஒன்றில் இம்மக்கள் ஒப்புமையாக வருவதை ஸஹீஹ் புகாரியில் காணலாம். பஸராவில் குடியேறிய ஸுத் மக்களைப் பற்றிப் பலாதுரீ எழுதியுள்ளார். அவர்கள் அனைவரும் சந்துக்களின் மூதாதையர் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்தில் ஜாட் மக்கள் சிந்து நாட்டில் கால்நடை மேய்ப்போராக இருந்தனர் என்பதே இங்கு வேண்டுவது. பேராசிரியர் இர்ஃபான் ஹபீபின் ஆய்வுப்படி, அவர்கள் நூற்றாண்டுகள் கடந்து வடக்கே பஞ்சாபுக்கு நகர்ந்து ஏர் பிடித்தனர். கிணற்று நீரை மாட்டால் இறைக்கும் ‘ரஹட்’ எனும் சக்கரம் அதற்குத் துணை செய்தது. லாகூர், தீபால்பூர், சர்ஹிந்த் பகுதிகளில் அச்சக்கரம் சுழன்றதைப் பேரரசர் பாபர் தம் நினைவுநூலில் விவரித்துள்ளார். அக்பரின் காலத்து ‘ஆயினே அக்பரி’ பஞ்சாபின் பல பர்கனாக்களில் ஜாட்டுக்களை நிலக்கிழாராகக் காட்டுகிறது.

மேய்ச்சலை விட்டு உழவுக்கு வந்த இந்த நூற்றாண்டுகளிலேயே சமயங்களும் பிரிந்தன. பாக்பட்டனில் அடங்கியுள்ள பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களின் கைப்பற்றித் தம் முன்னோர் இஸ்லாத்தைத் தழுவியதாகப் பஞ்சாபின் பல குலங்கள் கூறும். ஆனால் அது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஜங் பகுதியின் சியால் குலத்து வமிசாவளியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஈட்டன், முதலில் அருகியே காணப்பட்ட முஸ்லிம் பெயர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முழுமையடைந்தன எனக் காட்டினார். வாளுக்கு அஞ்சி ஊர்கள் ஒரே இரவில் மாறின என்று எழுதுவோர் இந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது நலம்.

இந்த வமிசாவளிகளைக் காத்தவர்கள் ‘மீராஸி’ எனும் பாடகர்கள். அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். சீக்கிய வீட்டுத் திருமணத்திலும் நின்று மூதாதையரின் பெயர்களை வரிசையாக ஓதியவர்கள். நம் ‘மிராசு’ம் அந்த ‘மீராஸி’யும் வாரிசுரிமையைக் குறிக்கும் ஒரே அரபுச் சொல்லின் வழி வந்தவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயர் ஆட்சி தளர்ந்தபோது சீக்கியச் சந்துக்கள் படைத்தலைவர்களாயினர். கன்ஹையா மிஸலை நிறுவிய ஜய்சிங், லாகூரை அடுத்த கான்ஹா ஊரினர். நகாய் மிஸலின் ஹீராசிங், இன்றைய கசூர் மாவட்டத்துப் பஹர்வாலைச் சேர்ந்தவர். பொற்கோயிலை மீட்கப் போரிட்டு 1757இல் உயிர்நீத்த பாபா தீப்சிங்கின் ஊர் பஹுவிந்த். மூவரும் சந்துக்கள்.

சமயம் மூன்றானாலும் நிலம் அவர்களை ஒரே வழக்கத்தில் கட்டியிருந்தது. 1872ஆம் ஆண்டின் பஞ்சாப் சட்டம், வாரிசுரிமை முதலியவற்றில் ஊர்வழக்கத்துக்கே முதலிடம் தந்தது. ‘ரிவாஜ்’ எனப்பட்ட அவ்வழக்கப்படி நிலம் ஆண்மக்களுக்கே உரியது. திருக்குர்ஆன் மகளுக்குப் பங்கை வரையறுத்திருக்க, ஐவேளை தொழுத முஸ்லிம் ஜாட்டும் சீக்கியப் பங்காளியைப் போலவே மகளை வெறுங்கையோடு அனுப்பி வைத்தார். 1937இன் ஷரீஅத் சட்டமும் விவசாய நிலத்தை விலக்கியே வைத்தது. 1948இல் மேற்குப் பஞ்சாப் இயற்றிய சட்டமே விவசாய நிலத்திலும் ஷரீஅத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. குல ஒற்றுமையைப் புகழ்வோர், அதன் விலையைப் பெண்மக்கள் செலுத்தியதைச் சொல்வதில்லை.

அச்சட்டம் வந்தபோது குலமே இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1947 ஆகஸ்ட் 17இல் வெளியான ராட்கிளிஃப் தீர்ப்பு மாஜா நாட்டின் நடுவே கோடு கிழித்தது. லாகூர் மாவட்டத்திலிருந்த பட்டி, கேம்கரண் பகுதிகள் இந்தியாவுக்கு வந்தன. பஹுவிந்த் இப்பக்கம், கான்ஹாவும் பஹர்வாலும் அப்பக்கம். அமிர்தசரஸ் மாவட்டத்து முஸ்லிம் சந்துக்கள் மேற்கே சென்றனர்; லாகூர், ஷேக்குபுரா, லயல்பூர் மாவட்டங்களின் சீக்கியச் சந்துக்கள் கிழக்கே வந்தனர். ஒரே மூதாதையாகிய காலா மெஹரைச் சொல்லிக்கொள்ளும் இரு கூட்டத்தார், எதிரெதிர்த் திசையில் ஒரே சாலைகளில் நடந்தனர்.

அக்குலத்தின் புகழ்பெற்ற மகன் பகத்சிங். அவருடைய முன்னோரின் ஊராகிய கட்கர் கலான் இந்தியப் பஞ்சாபில் உள்ளது. கால்வாய்க் குடியேற்றத்தில் அக்குடும்பம் லயல்பூர் மாவட்டத்துக்குச் சென்றது. 1907இல் அங்குள்ள பங்கா கிராமத்தில் அவர் பிறந்தார். லயல்பூர் 1977 முதல் ஃபைஸலாபாத். லாகூர்ச் சிறையில் 1931 மார்ச் 23இல் தூக்கிலேறிய அந்த இளைஞர் பிறந்த வீடு, இன்று பாகிஸ்தானில் நினைவில்லமாகக் காக்கப்படுகிறது.