முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்! - கண்புரையின் கதை

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த ஒரு சரித்திரப் பதிவு. போர், படையெடுப்பு எல்லாம் கிடையாது. ஆனா ஒரு ராஜா வருவார், கவலைப்படாதீங்க :-) கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க.

நம்ம ஊர்ல வயசானவங்ககிட்ட கண்புரை ஆபரேஷன் பத்திப் பேசிப் பாருங்க. இந்த நாலு பதில்ல ஒண்ணு கண்டிப்பா வரும்.

"கண்ணுல கைவெச்சா உள்ளதும் போயிடும்."

"இன்னும் முத்தலை. முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"ஆபரேஷன் பண்ணா அசையாம படுக்கணும். தும்மக்கூடாது, இருமக்கூடாது. நம்மால ஆகாதுப்பா."

"இந்த வயசுல எனக்கெதுக்கு செலவு?"

இதையெல்லாம் கேட்டா நமக்குச் சட்டுனு கோபம் வரும். படிக்காதவங்க, சொன்னாப் புரியாதுன்னு தள்ளிடுவோம். ஆனா கண்புரை சிகிச்சையோட வரலாற்றைப் படிச்சா ஒரு விஷயம் பிடிபடும். இந்த நாலு பதிலுமே ஒரு காலத்துல நூத்துக்கு நூறு உண்மை! சிகிச்சை வெர்ஷன் மேல வெர்ஷனா மாறிப்போச்சு. பாட்டிங்க கையில இருக்கிற டாக்குமெண்டேஷன் மட்டும் பழசு. அவ்வளவுதான்.

முதல்ல புரைன்னா என்னன்னு பார்த்துடுவோம். கண்மணிக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ் இருக்கு. அதுல பெரும்பகுதி தண்ணியும் புரதமும்தான். அந்தப் புரதங்கள் ஒழுங்கா அடுக்கி இருக்கிறதாலதான் வெளிச்சம் ஊடுருவிப் போகுது. தோல் மாதிரி இது உதிர்ந்து புதுசா முளைக்காது. லென்ஸோட நடுப்பகுதியில இருக்கிற புரதம் நாம பொறக்கறதுக்கு முன்னாடியே உருவானது. அறுபது எழுபது வருஷ வெயில், சர்க்கரை, புகை எல்லாம் சேர்ந்து அந்த அடுக்கு கலைஞ்சு, புரதம் திரண்டு போகும். முட்டையோட வெள்ளைக்கரு சூட்டுல வெளுத்துப் போறதை நெனச்சுக்குங்க, கிட்டத்தட்ட அதேதான். வெளியே இருந்து ஏதோ வந்து மூடுறதில்லை, லென்ஸே மங்கிப் போகுது.

"கைவெச்சா உள்ளதும் போயிடும்"

இந்தப் பயத்தோட வேர் ரொம்பப் பழசு. சுஸ்ருத சம்ஹிதையிலேயே புரைக்கான அறுவை முறை சொல்லியிருக்கு. அந்தக் காலத்து வைத்தியம் என்னன்னா, ஒரு ஊசியைக் கண்ணுக்குள்ளே செலுத்தி, மங்கிப்போன லென்ஸைக் கீழே தள்ளி விடுறது. லென்ஸ் வெளியே வராது, கண்ணுக்குள்ளேயே அடியில கெடக்கும். ஆனா கண்மணி வழி திறந்துடுறதால உடனே வெளிச்சம் தெரியும். "ஆகா, பார்வை வந்துடுச்சு!"ன்னு வீடே கொண்டாடும். வைத்தியர் காசை வாங்கிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவார். சில நாள் கழிச்சு கண்ணு வீங்கி, சீழ் பிடிச்சு, இல்லேன்னா உள்ளழுத்தம் ஏறி, நிறைய பேருக்கு மொத்தமாப் போயிடும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 1750ல ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துல இசை மேதை பாக்குக்கு, ஜான் டெய்லர்ங்கிற ஊர் ஊராச் சுத்துற இங்கிலாந்து கண் வைத்தியர் இரண்டு தடவை கண்ணுல அறுவை செய்தார். பார்வை வரலை. அதே வருஷம் ஜூலையில பாக் இறந்துபோனார்.

நம்ம பக்கம் 1819ல சென்னையில ஒரு கண் மருத்துவமனை ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னிக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கண் மருத்துவமனை. உலகத்துலயே ரொம்பப் பழைய கண் மருத்துவமனைகள்ல ஒண்ணு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல அங்கே பொறுப்புல இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இப்படி ஊசி குத்தி லென்ஸைத் தள்ளிவிட்ட கண்களை ஆராய்ஞ்சு 1917ல ஒரு புத்தகமே வெளியிட்டார். அதாவது நம்ம கொள்ளுப்பாட்டிங்க காலம் வரைக்கும் இந்த வைத்தியம் தெருவுல நடந்துட்டு இருந்திருக்கு. "உள்ளதும் போயிடும்"ங்கிறது கண்ணால பார்த்துச் சொன்ன சாட்சி மக்களே, மூடநம்பிக்கை இல்லை.

ராஜா வருவார்னு சொன்னேன் இல்லையா? தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 - 1832). தன்வந்திரி மகால்னு ஒரு மருத்துவ நிலையம் வெச்சு, மனுஷங்களுக்கும் விலங்குகளுக்கும் மருந்து செய்ய வெச்சவர். கண் நோயாளிகளுக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை கொடுத்தாங்கன்னு குறிப்பெடுத்து, கண்ணைப் படமா வரைஞ்சும் வெச்சிருக்காங்க. அந்தச் சுவடிகள் சரஸ்வதி மகால் நூலகத்துல இருக்கு. இரு நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேஸ் ஷீட்! அடுத்த தடவை பெரிய கோயில் போறவங்க, பக்கத்துல இருக்கிற அந்த நூலகத்தையும் நெனச்சுக்குங்க.

"முத்தட்டும்"

1747ல பிரான்ஸ்ல ழாக் டாவியேல்னு ஒரு மருத்துவர், லென்ஸை உள்ளே தள்ளுறதை விட்டுட்டு, கண்ணைக் கீறி வெளியே எடுத்தார். பெரிய பாய்ச்சல் இது. ஆனா ஒரு சிக்கல். புளியம்பழமும் ஓடும் மாதிரின்னு சொல்லுவோமே, அதேதான் இங்கேயும். பழுத்த பழம் ஓட்டை விட்டுச் சுலபமாக் கழண்டுக்கும். காயா இருந்தா ஒட்டிக்கிட்டு வராது. முத்தாத புரையை எடுத்தா லென்ஸோட துணுக்குகள் உள்ளே தங்கிப்போய்க் கண்ணு ரணமாகும். அதனால டாக்டர்களே சொன்னாங்க: "பார்வை முழுசாப் போகட்டும், முத்தட்டும், அப்புறம் வாங்க."

"முத்தட்டும்"ங்கிறது பாட்டி சொந்தமாக் கண்டுபிடிச்சது இல்லை, டாக்டர் சொல்லிக் கொடுத்தது.

இந்த விதியை உடைச்சவர்னா அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெல்மன். பல் டாக்டர் மீயொலிக் கருவியால பல்லுல இருந்த காரையைச் சுத்தம் பண்ணும்போது இவருக்குப் பொறி தட்டுச்சாம். 1967ல அதே மாதிரி மீயொலி அதிர்வால லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பொடியாக்கி உறிஞ்சி எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார். நம்ம ஊர்ல பலபேர் லேசர் ஆபரேஷன்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். இந்த முறையில கதை அப்படியே தலைகீழ். முத்திக் கல்லாப்போன புரையை உடைக்கிறதுதான் கஷ்டம். ரொம்ப முத்தவிட்டா லென்ஸ் ஊதிப்போய், இல்லேன்னா கசிஞ்சு, கண்ணுல அழுத்தம் ஏறிடும். அதனால கண் நரம்பு கெட்டா, அப்புறம் எந்த ஆபரேஷனும் பார்வையைத் திருப்பித் தராது.

"அசையாம படுக்கணும்"

இதுவும் நெசம்தான். லென்ஸை முழுசா எடுக்கணும்னா கண்ணுல பாதி வட்டத்துக்குக் கீறணும். பத்துப் பன்னெண்டு மில்லிமீட்டர். நல்ல தையல் நூலும் அப்போ கிடையாது. தும்மினா காயம் திறந்துக்கும். அதனால தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக் கொடுத்து, ரெண்டு கண்ணையும் கட்டி, நாள்கணக்கா மல்லாக்கப் படுக்க வெச்சாங்க. வெயில் காலத்துல பண்ணக்கூடாதுன்னு சொல்றதும் இந்தக் காலத்து மிச்சம்தான். வேர்வையில கட்டு நனைஞ்சு புண்ணு சீழ் வைக்கும்ங்கிற பயம்.

இப்போ கெல்மன் முறையில காயம் மூணு மில்லிமீட்டருக்கும் கீழே. நம்ம நாட்டு முகாம்கள்ல நிறைய செய்யற சிறு கீறல் முறையில ஆறு ஏழு மில்லிமீட்டர், ஆனா தையலே இல்லாம தானா மூடிக்கிற மாதிரிக் கீறுறாங்க. பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். சில வாரம் சொட்டு மருந்து, கண்ணைக் கசக்காம, தண்ணி படாமப் பார்த்துக்கிறதுதான் பத்தியம்.

இன்னொரு தொல்லையும் இருந்துச்சு: சோடாபுட்டிக் கண்ணாடி! லென்ஸை எடுத்தாச்சு, அதுக்குப் பதில் உள்ளே ஒண்ணும் இல்லை. அதனால மூக்கு மேல கனமா ஒரு கண்ணாடி. எல்லாம் கால்வாசிக்கு மேல பெருசாத் தெரியும், ஓரமா வர்றது தெரியாது, படி இறங்கத் தடுமாறும். கண்ணாடி உடைஞ்சா மறுபடி குருடு.

இதுக்கு வழி கிடைச்ச விதம் சினிமாக் கதை மாதிரி. இரண்டாம் உலகப்போர்ல இங்கிலாந்து விமானிகளோட கண்ணுக்குள்ளே, சிதறின விமானக் கூரையோட பிளாஸ்டிக் துணுக்குகள் போயிருந்துச்சு. கண்ணு அதை வேத்துப் பொருளா நெனச்சு எதிர்க்கவே இல்லை, சும்மா கெடந்துச்சு. அதைக் கவனிச்சவர் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. எடுத்த லென்ஸுக்குப் பதிலா வேற ஒண்ணு வைக்கக்கூடாதான்னு ஒரு மாணவர் கேட்ட கேள்வியும் மனசுல உறுத்திட்டிருந்துச்சு. 1949 நவம்பர்ல அதே வகைப் பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு, சத்தமில்லாம ஒரு பெண்மணியோட கண்ணுல வெச்சுப் பார்த்தார். 1951ல வெளியே சொன்னப்போ, கண்ணுல இருந்து எடுக்கவேண்டியவர் உள்ளே வைக்கிறாரேன்னு பெரிய டாக்டர்களே பாய்ஞ்சாங்க. பல வருஷம் ஒதுக்கி வெச்சாங்க. மனுஷன் 94 வயசு வரைக்கும் இருந்து ஜெயிச்சார். வயசான காலத்துல அவர் கண்ணுக்கும் அதே மாதிரி லென்ஸ்தான் வெச்சாங்க! 2000ல சர் பட்டம் கிடைச்சது, 2001ல காலமானார்.

"எனக்கெதுக்கு செலவு?"

டெக்னாலஜி லண்டன்ல வந்தா போதுமா? கோவில்பட்டி பக்கம் வெள்ளாமை பார்க்கிற தாத்தாவுக்கு எப்படி வந்து சேரும்?

இங்கேதான் வடமலாபுரத்துல 1918ல பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி வர்றார். மகப்பேறு மருத்துவராகணும்னு ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலோட கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கும் மேல அறுவை செய்தார். அரசாங்க வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். மத்தவங்க பேரனைக் கொஞ்சப் போற வயசு அது.

அவர் கணக்கு எளிமையானது. காசு கொடுக்க முடிஞ்சவங்க கொடுப்பாங்க, அதுல முடியாதவங்களுக்கு இலவசம். ஒரு டாக்டருக்கு ரெண்டு மேசை. ஒண்ணுல அறுவை முடியறதுக்குள்ளே அடுத்ததுல ஆள் தயார். மத்த வேலையெல்லாம் பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள் பார்த்துக்குவாங்க. நம்ம பாஷையில சொன்னா, டாக்டர்ங்கிற பாட்டில்நெக்கை ஒரு நிமிஷம்கூடச் சும்மா விடாத பைப்லைன்!

இறக்குமதி லென்ஸ் ஒண்ணு சுமார் 100 டாலர் இருந்தப்போ, 1992ல மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தாங்க. பின்னாடி அதுக்கும் கீழே போச்சு. அதோட இன்னொண்ணும் கத்துக்கிட்டாங்க: அறுவை இலவசம்னாலும் ஜனங்க வரலை. பஸ்ஸுக்குக் காசு, சாப்பாடு, கூட வர்றவங்களுக்குக் கூலி நஷ்டம், இதெல்லாம் யார் கொடுப்பா? அப்புறம்தான் முகாம்ல இருந்து அவங்களே வண்டியில கூட்டிட்டுப் போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டு விடுற ஏற்பாடு வந்துச்சு. 2006ல டாக்டர் மறைஞ்சார்.

இத்தனைக்கும் அப்புறம், 2015 - 2019 தேசிய ஆய்வுல 50 வயசுக்கு மேற்பட்டவங்களோட பார்வையிழப்புல சுமார் 66 சதவீதம் கண்புரையாலதான்னு வந்திருக்கு. சரி பண்ணக்கூடிய குருட்டுத்தனம்! கத்தியும் லென்ஸும் ரெடி. "முத்தட்டும்"னு இருட்டுல உக்காந்திருக்கிற பெரியவங்களைத்தான் நாம இன்னும் போய்ச் சேரலை.

அதனால ஊருக்குப் போறப்போ ஒரு வேலை பண்ணுங்க. "கண்ணு தெரியுதா?"ன்னு கேக்காதீங்க. "நல்லாத்தான்டா தெரியுது"ன்னுதான் பதில் வரும். ஒரு கண்ணை மூடிட்டு எதிர்ல இருக்கிற காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்க, அப்புறம் மத்த கண்ணு. ராத்திரி எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதா, வெள்ளை வேட்டி பழுப்பாத் தெரியுதா, கண்ணாடி அடிக்கடி மாத்தறாங்களான்னு பாருங்க. "எனக்கு இப்பல்லாம் படிக்கக் கண்ணாடியே வேணாம்"னு பெருமை அடிச்சா அதையும் கவனிங்க. லென்ஸ் முத்த ஆரம்பிக்கிறப்போ கிட்டப்பார்வை கூடி அப்படி ஆகும், கொஞ்ச நாளைக்குத்தான்.

பயப்பட்டாங்கன்னா திட்டாதீங்க. "நீங்க சொல்றது சரிதான் ஆச்சி, அப்போ அப்படித்தான் இருந்துச்சு. அது எப்படி மாறுச்சு தெரியுமா?"ன்னு இந்தக் கதையைச் சொல்லுங்க. விமானி கண்ணுல பிளாஸ்டிக் போன கதைக்கு யாரும் மயங்காம இருக்க மாட்டாங்க :-)

உங்க வீட்டுப் பெரியவங்க சொல்ற காரணம் இந்த நாலுல இல்லைன்னா பின்னூட்டத்துல போடுங்க. அதுக்கும் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மங்கலுக்கெல்லாம் காரணம் புரை மட்டும் இல்லை. கண் அழுத்தம், சர்க்கரையால வர்ற விழித்திரைக் கோளாறும் இருக்கலாம். முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.