விளக்குத் திரியும் வெப்பக் குழாயும்



“அறிவியலைத் தமிழில் படித்து எவ்வளவு தூரம் போக முடியும்?” என்று ஒரு மாணவனின் தாயார் என்னிடம் கேட்டார். 2003ஆம் ஆண்டு முதல் சில காலம் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அவ்வையம் இன்னும் அகலவில்லை. அவருக்கு ஒரு விளக்கின் வரலாற்றைக் கூறினேன்.

கிள்ளான் தோட்ட லயத்தில் என் பாட்டி ஏற்றியது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் வெப்பம் கூரைக்கு ஏறி வீணாயிற்று. 1950களில் மின்சாரம் எட்டாத சோவியத் சிற்றூர்களிலோ அத்தகைய விளக்கே வானொலியை இயக்கியது. விளக்குக் கண்ணாடியைச் சுற்றி வெப்பமின் இணைகளைப் பொருத்தி ஏறத்தாழ 3 வாட் மின்சாரம் பெற்றனர்.

இதன் வேர் 1821இல் உள்ளது. இருவேறு உலோகங்களின் இணைப்புகளுள் ஒன்றைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி விலகுவதைச் சீபெக் என்னும் அறிஞர் கண்டார். அவர் அதைக் காந்த விளைவென்றே கருதினார். மின்னோட்டமே அதன் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

“விளக்கைப் பெரிதாக எரித்தால் மின்சாரமும் கூடுமா, ஐயா?” என்று என் வகுப்பு மாணவன் கேட்டதுண்டு. சூடு மட்டும் போதாது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கவேண்டும். இரண்டும் சமமாகச் சூடேறினால் மின்சாரம் நின்றுவிடும். ஆகவேதான் அவ்விளக்கின் வெளிப்புறத்தில் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள் இருந்தன.

வெப்பத்தைச் சற்றுத் தொலைவுக்குக் கடத்த வேண்டுமாயின்? 1944இல் காக்லர் என்பவர் ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் குரோவர் அதனைத் தனியே கண்டறிந்து ‘வெப்பக் குழாய்’ எனப் பெயரிட்டார். காற்று நீக்கி மூடிய குழாயினுள் சிறிதளவு நீர்மம் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகும். குளிர்ந்த முனையில் வெப்பத்தை விட்டு மீண்டும் நீர்மமாகும். உட்சுவரிலுள்ள திரி வழியாகத் திரும்பி வரும். விசைக்குழாய் வேண்டா, மின்சாரமும் வேண்டா. வெப்பமின்னாக்கிகளின் குளிர்பக்கத்தைக் காக்க இன்று இதுவும் பயன்படுகிறது.

பிரிக்பீல்ட்சில் பழுதுபார்க்கக் கொடுத்த என் மடிக்கணினியினுள்ளும் தட்டையான செப்புக் குழாயாக இதனையே கண்டேன்.

தாயார் சற்று யோசித்துவிட்டு, “மண்ணெண்ணெயை மேலே இழுக்கும் அதே திரிதானே, ஐயா?” என்றார். ஆம், அதே நுண்புழை ஈர்ப்புதான். தம் கேள்விக்குரிய விடையை அவரே தமிழில் சொல்லிவிட்டார்.